நாலாவது கோப்பையில் பிக்புல்

காலை பதினொன்று பத்து. மேசையில் ஆறு கோப்பைகள். அவற்றின் முன் உட்கார்ந்திருந்தவர் பெயர் எதுவார் ஞானாதிக்கம். வயது அறுபத்து நான்கு. புதுச்சேரியில் பிறந்து, பிரான்சின் தென்கரையில் ஒரு காயலோர ஊரின் கூட்டுறவு ஒயின் ஆலையில் பதினேழு வருடம் வேலை பார்த்து, ஊர் திரும்பியவர். அன்று 2022 ஆகஸ்ட் மூன்று, புதன்கிழமை, ஆடிப் பதினெட்டு. கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே, மஞ்சள் சுண்ணாம்பு பூசிய பதினான்கு அறை விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மின்விசிறி நிறுத்தப்பட்டிருந்தது. காற்று ஓடினால் வாசனை கலைந்துவிடும் என்று இருபது வருடம் முன்பு அவர் போட்ட விதி. விதிகள் எல்லாமே அவருடையவைதான். காலையில்தான் ருசி பார்க்க வேண்டும், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், கூடத்தில் ஊதுவத்தி கூடாது, யாரும் சென்ட் போடக்கூடாது, புட்டிகளின் மேல் துணியுறை போட்டு மூடியிருக்க வேண்டும், ஏனென்றால் பெயரைப் பார்த்துவிட்டால் நாக்கு பொய் சொல்லும். அந்தத் துணியுறைகளைத் தைத்ததுகூட அவர் மனைவி பிரிஜித்தான், அவருடைய பழைய கால்சட்டைகளின் கால்களை வெட்டி. இன்று காக்கி, நீலம், சாம்பல் என்று ஆறு கால்கள் வரிசையாக நிற்கின்றன. நாலாவது சாம்பல். அந்தச் சாம்பல் கால்சட்டையை ஆலையிலிருந்து விடைபெற்ற நாளில் போட்டிருந்தேன் என்று நினைத்துக்கொண்டார். அப்படி ஏதாவது ஒன்றை நினைத்துக்கொண்டிருப்பது நல்லது. நினைத்துக்கொண்டே இருந்தால் பயம் மேலே வராது.

எதிரே சாருலதா பென்சிலோடு உட்கார்ந்திருந்தாள். விடுதியின் முதலாளி, நாற்பத்தோரு வயது, அப்பா இறந்தபின் பொறுப்பை எடுத்தவள். ஊரடங்கில் மூடிய இடத்தை இப்போதுதான் முழுசாகத் திறந்திருக்கிறாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு வெள்ளை ஒயின், விலை ஏறாதது, நம் வெயிலுக்கும் நம் மீனுக்கும் சரிப்படுவது. இறக்குமதிக்காரர் ஆறு மாதிரிப் புட்டிகள் அனுப்பியிருக்கிறார். ஞானாதிக்கம் எதைச் சொல்கிறாரோ அது பட்டியலில் ஏறும். அவள் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தவர் பரிமாறும் தட்சிணாமூர்த்தி, விழுப்புரத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது, இந்த விடுதியில் இருபத்தாறு வருடம். முதல் மூன்று கோப்பைகள் முடிந்துவிட்டன. முதலாவதில் புளிப்பு குறைவு, வாயில் கனமாக உட்காருகிறது, மீனுக்கு ஆகாது. இரண்டாவதில் ஓர் இனிப்பு ஒளிந்திருக்கிறது, இரண்டாவது கோப்பை கேட்கமாட்டார்கள். மூன்றாவது பரவாயில்லை, கடைசியில் கசப்பு நிற்கிறது. இவை எல்லாமே உண்மை. நாக்கு இருக்கிறது. புளிப்பு, இனிப்பு, உப்பு, கசப்பு, துவர்ப்பு, சாராயத்தின் சூடு, கண்ணாடியின் குளிர்ச்சி, இவை எதுவும் அவரைவிட்டுப் போகவில்லை. மின்சாரம் போன இரவில் சொந்த வீட்டுக்குள் நடக்கிற மாதிரி, கட்டில் இங்கே, அலமாரி இங்கே, படி மூன்று என்று நடந்துவிடலாம். ஆனால் வீட்டில் யாரோ நாற்காலியை இடம் மாற்றிப் போட்டிருந்தால்?

மூக்கு போய்ப் பதினைந்து மாதம். 2021 மே மாதக் காய்ச்சலில் போனது. பிரிஜித்துக்கும் போனது, மூன்றாவது வாரம் திரும்பி வந்தது. ரசம் கொதிக்கும்போது அடுப்படியிலிருந்து கத்தினாள், “ஏங்க, பெருங்காயம் தெரியுது எனக்கு! உங்களுக்கு?” தெரியுது என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று இன்றுவரை அவருக்குப் புரியவில்லை. அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தாள், நாளைக்கோ மறுநாளோ தனக்கும் வந்துவிடும், ஒருநாள் முன்னே சொன்னால் என்ன என்றிருந்தது. அந்த ஒருநாள் இன்னும் வரவில்லை. விடியற்காலை அவள் எழுவதற்கு முன் அடுப்படியில் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். கிராம்பு, காபித்தூள், வெந்தயம், ஏலக்காய். அப்படிச் செய்தால் மூக்கு பழகும் என்று எங்கோ படித்திருந்தார். ஒன்றுமில்லை. மூக்கின் உள்ளே காற்று போய்வருகிற குளிர்ச்சி மட்டும். ஒரு வாரம் கழித்து பிரிஜித் கேட்டாள், “கிராம்பு டப்பால கடுகு மூடி இருக்குது, கடுகு டப்பால காபி மூடி இருக்குது. வீட்டுல எலி ஏதாச்சும் படிச்ச எலியா வந்திருக்கா?” சிரித்து வைத்தார். அன்றிலிருந்து மூடிகளைப் பார்த்துப் பார்த்து மாட்டினார். இன்று காலை கண்ணாடி முன் நின்று தலை வாரிக்கொண்டே கேட்டாள், “இன்னிக்கு ருசி பார்க்கிற நாளாச்சே. மல்லி வேணாம்தானே?” வேண்டாம் என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் கேட்டு அவள் விட்டுக்கொடுத்தது அது ஒன்றுதான். ருசி பார்க்கும் நாளில் அவள் தலையில் மல்லிகை கூடாது, அந்த வாசனை அவர் சட்டையில் ஏறி வந்து ஒயினைக் கெடுத்துவிடும். அவள் சண்டை போடவில்லை, அந்த நாள்களில் கனகாம்பரம் வைத்துக்கொண்டாள், அதற்கு வாசனையே கிடையாது. இன்றும் கனகாம்பரம். வெளியே கிளம்பும்போது, ஆரஞ்சு நிறத்தில் அவள் கொண்டையில் அது இருந்ததைப் பார்த்தார். அவருக்கு இப்போது எல்லாப் பூவும் கனகாம்பரம்தான். இதைச் சொல்லியிருக்கலாம். மல்லியையே வச்சுக்கோ, இனி எல்லா நாளும் வச்சுக்கோ என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அடுத்த கேள்விக்குப் பின்னால் அண்ணன் நிற்கிறார்.

அண்ணன் பெர்னார். துலோன் துறைமுகத்தில் கப்பல் பட்டறையில் இருந்தவர். அவருக்கும் முதலில் போனது மூக்குதான். அப்போது காய்ச்சலும் இல்லை ஒன்றும் இல்லை. ஒருநாள் அண்ணி தெருவிலிருந்து வரும்போதே பால் தீய்ந்த நாற்றம் மாடிவரை வந்திருக்கிறது, இவர் அடுப்புக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருக்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் கூடியபோது அதுதான் வேடிக்கைப் பேச்சு. ஆறு வருடம் கழித்து இடது கை ஆட ஆரம்பித்தது. மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, மோப்பம் எப்போது போனது என்று. நடுக்குவாதம். கடைசி இரண்டு வருடம் அண்ணன் கோப்பையை இரண்டு கையாலும் பிடிப்பார், அப்படியும் சட்டை நனையும். ஆக, தனக்குக் காய்ச்சலில் போனதென்றால் அது வெறும் காய்ச்சல். காய்ச்சல் சாக்கு, போக வேண்டியது தானாகத்தான் போனது என்றால்? பிரிஜித்துக்குத் திரும்பிவிட்டதே. பக்கத்து வீட்டு அல்போன்ஸுக்குத் திரும்பிவிட்டதே. பதினைந்து மாதமாக, தனியாக இருக்கும்போது, இடது கையை மேசைமேல் நீட்டி வைத்துப் பார்க்கிறார். ஆடவில்லை. ஆடாததுபோலத் தெரிகிறது. நன்றாக உற்றுப் பார்த்தால் எந்தக் கைதான் ஆடாமல் இருக்கும்? மருத்துவரிடம் போகாதவரைக்கும் அது காய்ச்சல். வாயைத் திறந்து ஒருவரிடம் சொல்லாதவரைக்கும் அது நாளை திரும்பி வரும்.

“மிசியே, நாலாவது?” என்றாள் சாருலதா. அப்பாவைப் போலவே அவளும் அவரைப் பிரெஞ்சில் ஐயா என்றுதான் அழைப்பாள்.

அவர் கோப்பையின் காலைப் பிடித்து மேசைமேலேயே ஒரு சுற்றுச் சுற்றினார். மூக்கை உள்ளே விட்டார். பழக்கம். தச்சன் வேலை விட்டபிறகும் மரத்தைக் கண்டால் தட்டிப் பார்ப்பதுபோல. ஒன்றுமில்லை, குளிர்ச்சி. ஒரு வாய் எடுத்தார். நாக்கின் இருபக்கமும் ஊசிபோல் புளிப்பு, ஓரத்தில் உப்பு. தெரியும். இது என்னவென்று வாயில் படுவதற்கு முன்பே தெரியும், அதுதான் இன்று செய்த திருட்டு. வழக்கமாக ஊற்றுவது தட்சிணாமூர்த்தி, அப்போது ஞானாதிக்கம் திரும்பி சன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இன்று, கொடு நான் ஊற்றுகிறேன், கை மறந்துபோகும் என்று வாங்கிக்கொண்டார். “சார் ஊத்துறாரு, இன்னிக்கு மழை வரும்” என்று தட்சிணாமூர்த்தி சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே புட்டியைத் தூக்கினார். சாம்பல் துணிக்கு உள்ளே, புட்டியின் அடிப்பக்கத்தில், விரலுக்குத் தட்டுப்பட்டது அலை. கண்ணாடியிலேயே வார்த்த மேடும் பள்ளமுமான அலை. உயரமான ஒல்லிப் புட்டி. அந்த அலைப் புட்டிகளைத்தான் ஆலையின் கடைசி மூன்று வருடமும் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் பார்த்தார். பிக்புல். வெளியூரில் யாருக்கும் தெரியாத திராட்சை. உதட்டைக் கடிப்பது என்று அந்த ஊர்க்காரர்கள் அதற்கு அர்த்தம் சொல்வார்கள். மலிவானது. நல்ல உணவகங்களில் அதைக் கேட்டால் பரிமாறுகிறவர் புருவத்தைத் தூக்குவார். காயலில் சிப்பி வளர்ப்பவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு ரப்பர் கால்சட்டையோடு கரையேறி, படகின் விளிம்பில் உட்கார்ந்து, சிப்பியைக் கத்தியால் திறந்து, இதைக் குடிப்பார்கள்.

1985 மார்ச்சில் பிரிஜித் அந்த ஊருக்கு வந்தாள். பெட்டியில் ஊறுகாய்ப் போத்தல் உடைந்து அவளுடைய ஆறு புடவையும் ஆவக்காய் நிறத்தில் இருந்தன. வந்த முதல் மாதம் அழுதாள், இரண்டாவது மாதம் காற்றைத் திட்டினாள், அங்கே வடக்கேயிருந்து ஒரு காற்று வரும், நாள்கணக்காக நிற்காது. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன்காரியிடம் பேரம் பேசி ஊளிமீன் மாதிரி ஒன்று வாங்கி வந்துவிட்டாள். குழம்பு கூட்டிவிட்டுப் பார்த்தால் புளி இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த உருண்டை தீர்ந்துபோயிருந்தது. நாற்பது கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ஊருக்குப் போனால்தான் கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை அதுவும் பூட்டியிருக்கும். “அந்தப் புளிப்புத் தண்ணி எங்க?” என்று கேட்டாள். எது? “அதான், நீங்க தினம் ஆலையிலேருந்து தூக்கிட்டு வர்றீங்களே, எலுமிச்சங்காய்த் தண்ணி.” அவர் தடுப்பதற்குள் முக்கால் புட்டி சட்டிக்குள் போய்விட்டது. வெந்தயமும் கடுகும் தாளித்த எண்ணெயில், மிளகாய்த்தூளில், பிக்புல் போய் விழுந்து கொதித்து எழும்பிய அந்த வாசனை. கீழ்வீட்டு மதாம் ரூக்கெத் கதவைத் தட்டி, ஏதாவது தீப்பிடித்ததா என்று கேட்டாள். பிறகு ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள், கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்டச் சாப்பிட்டு, ரொட்டியால் தட்டைத் துடைத்து, மிச்சமிருந்த கால் புட்டியையும் குடித்துவிட்டுப் போனாள். போகும்போது, உன் பெண்டாட்டி ஒயினைக் கொன்றுவிட்டாள், ஆனால் நல்ல சாவு என்றாள். அந்த வருடம் முழுக்க புளி வாங்கவில்லை. சன்னலுக்கு வெளியே காயல் வெயிலில் தகரம்போல் கிடக்கும், சிப்பிப் பந்தல்களின் கட்டைகள் வரிசை வரிசையாகத் தண்ணீரில் நிற்கும், பிரிஜித் முன்றானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இன்னும் ஒரு கரண்டி போடட்டுமா என்பாள். இருபத்தேழு வயது எனக்கு. அவளுக்கு இருபத்திரண்டு.

அதை இப்போது முகரப் பார்த்தார். கோப்பையில் இல்லாவிட்டால் போகட்டும், தலைக்குள் இருக்குமே. கண்ணை மூடி அந்தச் சட்டியின் மேல் குனிந்தார். சட்டி வந்தது. ஆவி வந்தது. மதாம் ரூக்கெத்தின் கண்ணில் தண்ணீர் வந்தது. வாசனை வரவில்லை. வெந்தயம் என்ற சொல் வந்தது, எலுமிச்சை என்ற சொல் வந்தது. வெளியே போனது காய்ச்சலோடு போனது என்று வைத்துக்கொண்டாலும் உள்ளே இருந்ததை யார் எடுத்துக்கொண்டு போனார்கள்? எப்போது? போன வருடம் இருந்ததா? பத்து வருடம் முன்பாவது இருந்ததா, அல்லது எல்லோருக்குமே நினைவில் வாசனை கிடையாதா, சொல்தானா? யாரிடம் கேட்பது இதை? கேட்கவேண்டுமென்றால் முதலில் சொல்லவேண்டும்.

சொல் இருக்கிறது, எடுத்து நீட்டினார். “எலுமிச்சங்காய். பழமில்ல மேடம், காய். கொஞ்சம் பச்சை ஆப்பிள். அப்புறம் காயல் ஓரத்துக் காத்து, உப்புக் காத்து. ரொம்பச் சுத்தமா இருக்குது. வஞ்சிரம் வறுத்து இதைக் கொடுத்தீங்கன்னா வேற எதுவும் கேட்கமாட்டாங்க. நம்ம வெயிலுக்கு இதுதான்.” குரல் சரியாக வந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக வந்தது. சாருலதா பென்சிலால் வேகமாக எழுதினாள். எழுதி முடித்துத் தன் கோப்பையை எடுத்து முகர்ந்தாள். அவள் நெற்றி சுருங்கியதை அவர் பார்த்தார். ஒரு நொடிதான். மறுபடி முகர்ந்தாள். எழுதியதைப் பார்த்தாள். மூன்றாம் முறை முகரும்போது நெற்றி விரிந்துவிட்டது. “ஆமா மிசியே, வருது. காயல் காத்துன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியல, ஆனா ஒரு ஈரம் இருக்குது பாருங்க. இதுதானா அது?” இதுதான் என்றார். என்ன ஈரம்? பிக்புல்லில் ஈரம் இருக்காதே. உப்பு இருக்கும், ஈரம் எதற்கு? அவளுக்குச் சொல் தெரியவில்லை, அவ்வளவுதான். சொல் பழகவேண்டும்.

கடைசியாகத் தட்சிணாமூர்த்தி. பரிமாறுகிறவர் குடித்துப் பார்க்காததை விருந்தாளிக்கு விற்கக்கூடாது, அதுவும் அவர் போட்ட விதி. தட்சிணாமூர்த்தி கோப்பையைத் தூக்கி முகர்ந்து கீழே வைத்துவிட்டார்.

“குடிக்கலையா?” என்றாள் சாருலதா.

“நான் சொன்னா சிரிக்கக் கூடாது மேடம்.”

“சொல்லுங்க.”

“போன நவம்பர் மழையில எங்க வீட்டுல தண்ணி பூந்துச்சு பாருங்க. பீரோவுக்குப் பின்னாடி ஒரு அட்டைப்பெட்டி நனைஞ்சு கெடந்து, பத்து நாள் கழிச்சு இழுத்தோம். அந்த நாத்தம் அடிக்குது.”

சாருலதா சிரித்துவிட்டாள். “பதினேழு வருஷம் பிரான்ஸ்ல இருந்தவரு கடல்ங்கிறாரு. விழுப்புரத்துக்காரரு அட்டைப்பெட்டிங்கிறாரு!”

“விழுப்புரத்துலயும் மூக்கு வச்சுத்தான் மேடம் பெக்கிறாங்க” என்றார் தட்சிணாமூர்த்தி. ஆனால் ஞானாதிக்கத்தின் முகத்தைப் பார்த்ததும் தணிந்துபோனார். “இல்ல சார், காலையில பூண்டு உரிச்சேன். கையில அது இருக்கும். அதான் போல. நீங்க சொன்னா சரிதான்.” விரல்களை முகர்ந்து பார்த்து, வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

நனைந்த அட்டைப்பெட்டி. இந்தச் சொல்லைத் தட்சிணாமூர்த்திக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தக்கை கெட்டால் ஒயினில் ஏறுவது இதுதான், ஆலையில் இதற்கு இதே சொல்தான், நனைந்த அட்டை, பூட்டிய நிலவறை, ஈரச் சாக்கு. நூறு புட்டிக்கு ஒன்றோ இரண்டோ அப்படி வரும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் ஆகாது, புளிப்பு மாறாது, உப்பு மாறாது, நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. மூக்கு மட்டும்தான் சொல்லும். சரியான மூக்குக்கு அரை நொடி போதும். இத்தனை வருடமும் இந்தக் கூடத்தில் அப்படிப்பட்ட புட்டிகளைத் திறந்த உடனேயே திருப்பி அனுப்பியவர் அவர்தான், அதனால்தான் தட்சிணாமூர்த்திக்கு இது என்னவென்று தெரியாது, சாருலதாவுக்குத் தெரியாது. அவளுக்கும் வந்திருக்கிறது. அந்த ஈரம். நெற்றி சுருங்கியதே, அது சரியான நெற்றி. நான் சொன்னதைக் கேட்டு அதை விரித்துக்கொண்டாள். கெட்டுப்போன தக்கையைக் காயல் காற்று என்று எழுதி வைத்துக்கொண்டாள். இனி நல்ல பிக்புல்லைக் கொடுத்தால் இதில் காயல் காற்று இல்லையே என்பாள். தட்சிணாமூர்த்தி தன் கையைத் துடைத்துக்கொண்டார். மூன்று பேரில் இரண்டு மூக்கு நல்ல மூக்கு, இரண்டையும் கெடுத்தது மூன்றாவது.

வழி இருக்கிறது. நல்ல வழி. ஆலையில் வருடத்தில் ஒருநாள் இப்படிச் செய்வார்கள், வரிசையில் ஒரு கெட்ட கோப்பையை நுழைத்துவிட்டு, ஆலைத் தலைவரே அதைப் புகழ்ந்து பேசுவார், யார் தலையாட்டுகிறார்கள் என்று பார்ப்பதற்காக. 1991இல் அவரும் தலையாட்டி மாட்டிக்கொண்டார், மாதக்கணக்கில் அவரைத் தலையாட்டி என்றே கூப்பிட்டார்கள். அதைச் சொல்லலாம். சோதனை வைத்தேன், தட்சணா ஜெயித்துவிட்டார் என்று. தட்சிணாமூர்த்திக்கு மரியாதை திரும்பும், அவளுக்குப் பாடம் கிடைக்கும், புட்டி ஒதுக்கப்படும். யாருக்கும் நஷ்டமில்லை. இறக்குமதிக்காரர் இரண்டிரண்டாகத்தான் அனுப்புவார், இன்னொரு பிக்புல் இருக்கும். அதைத் திறக்கச் சொல்லி, மறுபடி எலுமிச்சங்காய் என்று சொன்னால் இம்முறை அது உண்மையாகவே இருக்கும். ஐந்தாவதையும் ஆறாவதையும் நாக்காலேயே ஓட்டிவிடலாம். வீட்டுக்குப் போகலாம். பிரிஜித் கனகாம்பரத்தோடு கதவைத் திறப்பாள். பட்டியல் வருடத்துக்கு ஒருமுறைதான், அடுத்த வருடத்துக்குள் வந்துவிடும். வராவிட்டால் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். அடுத்த வருடம் கையும் ஆடாமல் இருந்தால். மேசைக்கு அடியில் இடது கையை முட்டியின்மேல் விரித்து வைத்தார். பார்க்கவில்லை. பார்க்காமலே, ஆடுகிறதா என்று கவனித்தார். அண்ணன் எப்போது சொன்னார்? அண்ணன் சொல்லவே இல்லை. அதுதான். கோப்பையை மறைத்து மறைத்துக் குடித்தார், கையைப் பாக்கெட்டிலேயே வைத்திருந்தார், அண்ணிதான் ஒருநாள் சட்டைகளைத் துவைக்கும்போது எல்லாச் சட்டையிலும் ஒரே இடத்தில் கறை இருப்பதைப் பார்த்தாள்.

“மேடம்” என்றார். “தட்சணா சொன்னதுதான் சரி. தக்கை கெட்டுப்போன புட்டி அது. எடுத்து வச்சிடுங்க.”

சாருலதா அவரையே பார்த்தாள். பிறகு மேசையைத் தட்டிச் சிரித்தாள். “ஐயோ, டெஸ்டா! எங்களுக்கு டெஸ்ட் வச்சீங்களா? அப்பா சொல்லுவாரு, மிசியேகிட்ட ஜாக்கிரதையா இரும்மா, தலையாட்டினா மாட்டிவிட்டுடுவாருன்னு. தட்சணா, நீங்க பாஸ், நான் ஃபெயில்!”

“எங்க அம்மா இருந்திருந்தா இதைக் கேட்டுட்டு ஊரைக் கூட்டியிருக்கும்” என்றார் தட்சிணாமூர்த்தி. “எட்டாவதுக்கு அப்புறம் இப்பத்தான் பாஸ் ஆவுறேன்.”

அந்த நல்ல வழியை அவளே எடுத்துக் கையில் கொடுத்துவிட்டாள். அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, சிரித்தால் போதும். சிரிப்பு வந்துகொண்டுதான் இருந்தது, வாயின் ஒரு பக்கம் ஏறிவிட்டதை அவரே உணர்ந்தார். இன்னொரு பக்கம் ஏறுவதற்கு முன்னால், சாருலதா தான் எழுதியதை அடிக்கக் குனிந்தாள். குனிந்தவள் மறுபடி நாலாவது கோப்பையை எடுத்து ஆழமாக முகர்ந்தாள், கண்ணை மூடிக்கொண்டு. “அப்ப இதுதான் தக்கை. ஏதோ சரியில்லன்னு முதல்லயே தோணிச்சு, பாருங்க. என் மூக்கை நானே நம்பல” என்றாள். அவளுக்குச் சந்தோஷம். உள்ளே போன வாசனை அவள் முகத்தில் தெரிந்தது, கெட்ட வாசனைதான், அதைக்கூட அவள் திரும்பத் திரும்ப எடுத்துக்கொண்டாள். அவருக்கு அந்த நாற்றம் வேண்டும்போலிருந்தது. அந்த நனைந்த அட்டை. மல்லிகைகூட வேண்டாம், குழம்பு வேண்டாம், அது ஒன்றாவது.

“டெஸ்ட் இல்லம்மா” என்றார். அவளை அவர் அம்மா என்று அழைத்தது அதுதான் முதல் தடவை. “எனக்கு மோப்பம் கிடையாது. காய்ச்சல் வந்ததுலேருந்து. பதினஞ்சு மாசமாச்சு.”

தெருவில் ஆடிப்பெருக்குக்குக் கடலுக்குப் போகிற குடும்பம் ஒன்று சத்தமாகப் பேசிக்கொண்டு போயிற்று.

“அப்ப எலுமிச்சங்காய்னு சொன்னது?” என்றாள் சாருலதா.

“புட்டியைத் தடவிப் பார்த்தேன். அடியில அலை இருக்கும். எந்த ஒயின்னு தெரிஞ்சுது. மத்தது ஞாபகம்.”

“முதல் மூணு?”

“அது நாக்கு. அதுல பொய் இல்ல. ஆனா மூணுல ஏதாச்சும் கெட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. நீங்க ரெண்டு பேரும் திரும்ப மோந்து பாருங்க.”

சாருலதா பென்சிலைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தார். “டாக்டர் என்ன சொன்னாரு?” என்றாள். போகவில்லை என்றார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, அண்ணன் என்று ஆரம்பித்தார், பால் தீய்ந்ததைச் சொன்னார், கையைச் சொன்னார். சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பதினைந்து மாதம் சுமந்தது இவ்வளவு சின்னதா என்றிருந்தது. பயம் குறையவில்லை, ஆனால் அது இப்போது மேசைமேல் இருந்தது, மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பிரிஜித்தம்மாவுக்குத் தெரியுமா சார்?” என்றார் தட்சிணாமூர்த்தி.

“தெரியாது.”

“இன்னிக்கே சொல்லிடுங்க. சாயங்காலம் மார்க்கெட்டுல அவங்களைப் பார்ப்பேன். நான் சொல்லக்கூடாதுன்னுதான் நினைப்பேன், ஆனா என் வாயி எனக்கே தெரியும்.”

“அஞ்சு மணிக்குத்தானே மார்க்கெட் போவ?”

“நாலரைக்கு.”

“சரி.”

தட்சிணாமூர்த்தி உள்ளே போய் இரண்டாவது பிக்புல் புட்டியைக் கொண்டுவந்து திறந்தார். யாரும் கேட்காமலே முதல் கோப்பையைத் தானே எடுத்து முகர்ந்தார், இந்தமுறை நின்று நிதானமாக, சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. என்ன என்றாள் சாருலதா. இருங்க மேடம் என்றார். “எலுமிச்சைதான் சார். ஆனா சாறு இல்ல. தோலை நகத்தால கீறினா கண்ணுல தெறிக்குமே, அது. அதுக்கு அடியில... மட்டி அவிச்ச தண்ணி ஆறினப்புறம் இருக்குமே சார், அந்த மாதிரி. நல்லாயிருக்குது.” ஞானாதிக்கம் கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சொற்களைவிட இவை நல்ல சொற்கள். மட்டி அவித்த தண்ணீர். பதினேழு வருடத்தில் ஆலையில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. இன்னொரு தடவை சொல்லு என்றார். தட்சிணாமூர்த்தி கூச்சப்படாமல் இன்னொரு தடவை சொன்னார், அவர் தன் கோப்பையை எடுத்து, முகராமல், அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு வாய் குடித்தார். புளிப்பு நாக்கின் இரு பக்கமும் ஏறியது. சாருலதா பழைய வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினாள்.

2022 ஆகஸ்ட் 22, திங்கட்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, நரம்பியல் மருத்துவர் எதுவார் ஞானாதிக்கத்தின் இரு கைகளையும் நடையையும் சோதித்து முடித்தார். நடுக்குவாதத்தின் அறிகுறி இப்போதைக்கு எதுவும் இல்லை என்றும், ஆறு மாதம் கழித்து மீண்டும் வரவேண்டும் என்றும் எழுதினார். மோப்பம் திரும்புமா என்று உடன் வந்திருந்த மனைவி கேட்டார். சொல்ல முடியாது என்று மருத்துவர் பதில் சொன்னார்.